சேற்றிலிருந்து ஒரு சுவர்

மோர்னிங்சைட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அந்த மணம் வந்தது. எதிரே, புதுக் கட்டடம் ஒன்றுக்காக நிலத்தை ஆழத் துளைக்கிறார்கள். ஈரச் சேற்றின் மணம். பஸ் வந்தது, போனது. நான் வேலியைப் பிடித்தபடி நின்றேன். உம்முடைய நினைவு.

நிலத்தடி வெப்பத்தை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்கத் துளையிடும்போது வெளியே வரும் அந்தச் சேற்றை ஏற்றிப்போய்க் கொட்டுவதுதான் அப்போது என் லொறி வேலை. பெண்சாதி நீர் கொங்கிறீற் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்தீர். ஒருநாள் நான் வீடு வந்ததும் என் சப்பாத்தில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்.

"உந்தச் சேத்தை ஏனப்பா கொண்டுபோய்க் கொட்டுறீங்கள்? எனக்கு ஒரு வாளி கொண்டு வாங்கோ."

"வீட்டில இருக்கிற ஊத்தை காணாதோ?" என்று சிரித்தேன். ஆனாலும் கொண்டு வந்தேன்.

அந்தச் சேற்றில் சீமெந்து கலந்து, சுவர் கட்டவென்று நீர் செய்த முதல் கற்கள் காயும்போதே வெடித்தன. துளையிடும்போது சேர்க்கும் களிமண் தண்ணீரைக் குடித்து ஊதி, காயும்போது சுருங்கிவிடுகிறது என்றீர். பிறகு சீமெந்தை விட்டுவிட்டு, மட்பாண்ட வகுப்பு நடத்தும் அன்ரியைக் கெஞ்சி, அவருடைய சூளையில் சுட்டீர். வெடிக்காமல் வந்த செங்கல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பேசாமல் காரில் வந்தீர். அவ்வளவு சந்தோஷத்தில் நீர் பேசமாட்டீர்.

விட்பியில் சிறுவர் பராமரிப்பு நிலையம் கட்டிக்கொண்டிருந்தவர், பரிசோதனையில் தேறினால் முற்றத்துச் சுவருக்கு அந்தக் கற்களை எடுப்பதாகச் சொன்னார். கற்கள் பரிசோதனைக்குப் போன அதே கிழமைதான் நீரும் ஆஸ்பத்திரிக்குப் போனீர். புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது.

கற்களின் பரிசோதனை முடிவு வந்ததும் உமது காதருகே குனிந்தேன். "பாஸாம்."

கண்ணைத் திறந்தீர். "உறைகுளிருக்கு வெடிக்கேல்லையோ?"

"இல்லையாம்."

"அப்ப சுவர் எழும்பினதும் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ, என்ன."

"ஓம்" என்றேன். சுவர் எழும்பும்வரை நீர் இருக்கவில்லை.

போன வசந்தத்தில் அந்தச் சுவரைப் பார்க்கப் போனேன். உமது செய்முறைப்படி சுட்ட கற்கள்; இடுப்பளவு உயரம். ஒரு சின்னப் பெண் அதில் சாய்ந்து நின்று சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, கற்களில் கையை உரசிக்கொண்டே ஓடினாள். அவள் போனபின் நானும் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கல் சுட்டது.

நேரே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து, "இஞ்சரும்" என்று எப்போதும்போல உம்மைக் கூப்பிட்டே விட்டேன்.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது முழுவதும் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.