நீந்தத் தெரியாத ஓடக்காரி

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இன்று நம் விளையாட்டுக்காக ஆறு தாள் பிரதி எடுத்தேன். கைக்கு வந்தபோது தாளில் சூடு இருந்தது. அந்தச் சூட்டில் உன் ஞாபகம் வந்தது. புதுத் தாளை வாங்கியதும் நீ முதலில் கன்னத்தில்தான் வைத்துப் பார்ப்பாய். நீ போய் இரண்டு வருஷமாகிறது. அழுகை ஒன்றும் வரவில்லை. எழுதத் தோன்றியது, எழுதுகிறேன்.

நந்தனம் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தபோது இந்த விளையாட்டை உனக்கு நான் விளக்கினேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த ஆளாகவே பேசுவார்கள். நினைத்த காரியம் நடக்குமா என்பதை டைஸ் சொல்லும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

“யாரா வேணா இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“அப்ப நான் வர்றேன்.”

ஆறே மாதத்தில் உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு அவருடைய தி.நகர் ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தாய். அப்பா தேறும்வரை என்றுதான் பேச்சு. கடைக்கு ஞாயிறும் விடுமுறை கிடையாது என்பதால் நம் ஆட்டத்தைக் கடை திறப்பதற்கு முன், ஞாயிறு காலைக்கு மாற்றினோம். சர்ச்சில் ஆறு மணிப் பூசை முடிந்து நானும் என் தம்பியும் வீடு திரும்புவதற்குள் நீ வாசலில் நின்றிருப்பாய். நம் அலுவலகத் தோழி ஒருத்தி தூக்கக் கலக்கத்தோடு ஏழரைக்கு வருவாள். பத்து மணிக்கு நீ கிளம்பிவிட வேண்டும்.

கதையை நடத்துவது நான். மற்ற இருவரும் பத்து நிமிஷத்தில் கேரக்டரை முடித்துவிடுவார்கள். டைஸை உருட்டி, எண்களை எழுதி, வாளோ வில்லோ எடுத்துக்கொண்டு தயார். உனக்கு மூன்று வாரம் ஆகும். பெயருக்கே ஒரு வாரம். தம்பி சலித்துக்கொள்வான்: “அக்கா, சண்டைக்குத்தான போறோம், கல்யாணத்துக்கா?” நீ அவனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய். “பலம் எவ்ளோங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்டா. இவ எதுக்கு வெக்கப்படுவா? அத சொல்லு முதல்ல.”

உன் ஆட்கள் பாதிப் பேர் புடவைப் பிரிவிலிருந்து வந்தவர்கள். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போன அம்மாள், எந்த மந்திரத்தைச் சொல்வதென்று முடிவெடுக்க முடியாத சூனியக்காரி ஆனாள். மனைவி புடவை பார்க்கும் நேரமெல்லாம் கதவையே பார்த்திருந்த ஒருவர், யாரோ துரத்துவதாக நம்பும் வைத்தியர் ஆனார். ஆனால் முழு ஆளை நீ எடுத்ததில்லை. “ஒரு துண்டு போதும். மீதிய நாமதான் பண்ணணும். இல்லன்னா என்ன ருசி?”

செவந்தியை அப்படித்தான் செய்தாய். ஓடக்காரி. நீந்தத் தெரியாது, அதை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒன்றரை வருஷம் அவள் நம்மோடு இருந்தாள். ஓடத்துறையை விட்டுவிட்டு கடலோரப் பட்டணத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் திட்டம். ஒரு ஞாயிறு, வெள்ளத்தில் ஓடம் கவிழ்ந்தது. நீ டைஸை உருட்டினாய். ஒன்று விழுந்தது. அதைவிடக் கீழே எண் இல்லை.

“செவந்தி மூழ்கிட்டா,” என்றேன். பிறகு தம்பியைப் பார்த்து, “அடுத்து நீ.”

நீ பென்சிலை மேஜையில் வைத்தாய். பத்து மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாய். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் செய்து, “விளையாட்டுதானே,” என்றேன். “ஆமா, விளையாட்டுதான்,” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

ஐந்து மாதம் கழித்துத்தான் அலுவலகத் தோழி மூலம் விஷயம் தெரிந்தது. செவந்தி மூழ்கிய அந்த வாரம்தான் உன் அப்பா, கடை இனி உன் பொறுப்பு, ஆபீஸ் வேலையை மறந்துவிடு என்று முடிவாகச் சொல்லியிருக்கிறார்.

மாம்பலம் நிலையத்தில் இறங்கி, கூட்டம் தள்ளிய வழியே கடைக்கு வந்தேன். எதிரில் உட்கார்ந்ததும், மற்ற வாடிக்கையாளரைக் கேட்பது போலவே, “என்ன பாக்குறீங்க?” என்றாய். சுங்குடிப் புடவைகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தாய். நான்காவது புடவையில் நான் சொன்னேன்.

“அவள எழுப்பிடறேன். கரை ஒதுங்கினான்னு வெச்சுக்கலாம்.”

“வேணாம். செத்தவ செத்தவதான். அத மாத்தினா, அவ இருந்ததும் பொய்யாப் போயிடும்.” புடவையை மடித்தபடி சொன்னாய். “செத்தது பரவால்லடி. நீ ஒடனே ‘அடுத்து நீ’ன்ன பாரு. அதான்.”

கதை நடத்துபவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது என் கொள்கை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம்.

“மன்னிச்சிடு,” என்றேன். நீ தலையாட்டிவிட்டு, “தாள் கொண்டாந்தியா?” என்றாய். கொண்டுவந்திருந்தேன். அடுத்த ஞாயிறு வந்தாய். கடையை விட்டு நீ கடைசிவரை வெளியே வரவில்லை. ஞாயிறுகளையும் விடவில்லை.

பிறகு நோய். அடையாறு ஆஸ்பத்திரியில், டிரிப்ஸ் ஏறும் கையை அசைக்கக் கூடாது என்பதால் நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உனக்காக ஜெபிப்பதாகவோ வேண்டிக்கொள்வதாகவோ சொல்லிப் போனார்கள். நீயோ, “நல்லா சாப்பிடற ஆளா எழுது,” என்றாய். ஒரு படைத்தளபதி. போருக்கு நடுவில் சமையல் கூடாரத்தைத் தேடிப் போகிறவன். அவன் என்னென்ன சாப்பிடுவான் என்று ஒரு பக்கம் முழுக்கச் சொன்னாய். உனக்கு அன்று கஞ்சிகூட இறங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அவனை ஆட்டத்துக்குக் கொண்டுவர நாள் இருக்கவில்லை.

நீ போன பிறகு ஒரு வருஷம் நாங்கள் விளையாடவில்லை. பின்பு தம்பி கதையை நடத்துகிறேன் என்றான். நான் முதல் தடவையாக மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தேன். முதலில் உன்னையே கேரக்டராக எழுதிப் பார்த்தேன். உயரம், குரல், நடை எல்லாம் சரியாக வந்தன. ஆள் மட்டும் வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பிறகு இன்னொருத்தியை ஆரம்பித்தேன். மலைக் கணவாயில் சத்திரம் நடத்துபவள். மூன்று வாரம் ஆனது. ஆபீஸுக்குப் பறக்கும் ரயிலில் போகும்போது, பரீட்சைத் தாள் திருத்துவது போல அலுவலகக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளும்போது, அவள் எதைக் கண்டால் கோபப்படுவாள், யாருக்கு மட்டும் கதவு திறக்க மாட்டாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் இடதுகைக்காரி என்று தெரிந்தது. நான் அதை முடிவு செய்யவில்லை, தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்று கோட்டூர்புரத்தில் இறங்க மறந்து அடுத்த நிலையம்வரை போய்விட்டேன்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நீ தாள் தாளாக எழுதியபோது, பிடிக்காத வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறாய் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். உள்ளுக்குள் உனக்காகப் பரிதாபப்பட்டும் இருக்கிறேன். அது தேவையே இருக்கவில்லை. நீ சந்தோஷமாக இருந்திருக்கிறாய்.