ஆய்வாளரின் எடையை என் வண்டியிலிருந்து கழித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
காலஞ்சென்ற கணித ஆசிரியரின் மனைவி,
எண் 9, பழைய அச்சகத் தெரு.
(தங்கள் அலுவலகத்தில் "கூண்டுவண்டிப் பாட்டி")

பெறுநர்:
உயர்திரு வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: வீட்டில் கட்டிய இலகுரகக் கேரவன் – எடை மேடையில் எடை போட்டபோது தங்கள் ஆய்வாளர் அதனுள் அமர்ந்திருந்தமை – அவரையும் சேர்த்து எடை பதிவானமை – அவரை இறக்கிவிட்டு மறு எடை போடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "அனுமதிக்கப்பட்ட எடையை மீறியது" என்று பதிவை மறுத்துத் தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

அலுவலரின் நேரம் விலைமதிப்பற்றது என்று தங்கள் அலுவலக வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழேயுள்ள பெஞ்சில் அமர்ந்து, அதை மனப்பாடம் ஆகும்வரை படிக்க எனக்கு நேரம் கிடைத்தது. ஆகவே தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

1. நானும் என் நாத்தனாரும், அதாவது என் கணவரின் தங்கையும், ஒரே வீட்டில் வசிக்கிறோம். கணவர் இருந்த காலத்திலும் அப்படித்தான். அவர் போன பிறகு, எங்களில் யார் வெளியேறுவது என்பது முடிவாகாததால் இருவருமே இருக்கிறோம். நாங்கள் இருவரும் சேர்ந்து, காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கார் ஷெட்டுக்குள் ஒரு கேரவன் கட்டினோம். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், இரண்டு சக்கரமும் இரண்டு படுக்கையும் கொண்ட சிறு டிரெய்லர் அது. தங்கள் ஆய்வாளர் தம் குறிப்பில் அதைப் "பெட்டிக்கடை போன்ற அமைப்பு" என்று எழுதியிருக்கிறார். அவர் உள்ளே போனதும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் டீக்கடை என்றே நினைத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

2. எங்கள் கார் சிறியது. நானூறு கிலோவுக்கு மேல் அதனால் இழுக்க முடியாது. தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்குத் தங்கள் விதியும் அதே நானூறைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது. விதி எழுதியவர்களும் கார் செய்தவர்களும் ஒத்துப்போகும் இடம் அபூர்வம் என்பதால் அந்த எண்ணை நான் மிகவும் மதித்தேன். அடிச்சட்டத்தையும் அச்சையும் மட்டும் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினோம். சுவருக்கு மரம் போடவில்லை. கூரைகளில் வெப்பம் தடுக்கப் பதிக்கும் கெட்டியான ஃபோம் பலகைகளை வெட்டி ஒட்டி, அவற்றின்மேல் கித்தான் துணியை மரப்பசையில் தோய்த்துச் சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டி, வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்டைப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றினோம். காய்ந்தபின் அது முட்டை ஓடுபோல் இலேசாகவும், மழைக்கு அசையாததாகவும் ஆகிவிடுகிறது. சந்தேகப்படுபவர்கள் விரலால் தட்டிப் பார்க்கலாம். ஆய்வாளர் பேனாவால் குத்திப் பார்த்தார். அந்த ஓட்டையை நாத்தனார் ஒட்டுப் போட்டு அடைத்திருக்கிறாள்.

3. கித்தான் வேலை முழுவதும் அவளுடையது. துணி என்றால் அவளுக்குக் கை வரும்; அளவு என்றால் வராது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். விடை சரியாக இருந்தாலும் பக்கத்தில் கிலோவா மீட்டரா என்று எழுதாவிட்டால் எங்களுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே திருகாணி முதல் தண்ணீர்த் தொட்டி வரை எதையும் தராசில் வைக்காமல் நான் உள்ளே விடவில்லை. ஜன்னல் திரைக்கு நாத்தனார் குஞ்சம் வைத்துத் தைத்திருந்தாள். வெட்டச் சொன்னேன்.

"நீங்க மனுஷியா, மளிகைக் கடைத் தராசா அண்ணி?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, வெட்டினாள்.

எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தினமும் வாசலில் நின்று மேற்பார்வை செய்தார். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சவப்பெட்டியா?" என்றார் ஒருநாள். "பின்னால கொஞ்சம் எடம் இருக்கு, உங்களுக்கும் அளவு எடுத்துக்கட்டுமா?" என்றாள் நாத்தனார். அவளிடம் நான் பாராட்டக்கூடிய சில குணங்களில் இது ஒன்று.

வண்டியின் மொத்த எடை முந்நூற்று எழுபத்திரண்டு கிலோ. பாகவாரியான பட்டியலை இணைத்திருக்கிறேன்.

4. ஆய்வாளர் குறித்துக் கொடுத்த நாளில், லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். காரைக் கழற்றி அப்பால் நிறுத்தினேன். டிரெய்லர் மட்டும் மேடையில் நின்றது. நாத்தனார் இடுப்பெலும்பு முறிந்து தேறியவள். அதிக நேரம் நிற்க முடியாது. ஆகவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். எடை போடும் நேரத்தில் இறங்கிக் காருக்கு வருவதாக ஏற்பாடு. அப்போது மழை பிடித்துக்கொண்டது. உள்புறத்தை ஆய்வு செய்வதாகச் சொல்லி ஆய்வாளர் ஏறினார். ஆய்வாளரின் குடையைப் பிடித்திருந்த உதவியாளரும் பின்னாலேயே ஏறினார். நாத்தனார் ஃபிளாஸ்கைத் திறந்தாள். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. இதை நான் அவளுக்கு எதிராகவே பதிவு செய்கிறேன்.

நான் வெளியே நின்றேன். எடை போடும்போது வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது போலும்.

"சார், நீங்க எறங்கினாத்தான் எடை போட முடியும்" என்று கதவருகே போய்ச் சொன்னேன்.

"மழை விடட்டும்மா. மேடை எங்க ஓடிடப் போகுது?" என்றார். பிறகு படுக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, "பரவால்லியே, எங்க வீட்டுக் கட்டில்கூட இவ்வளவு சொகமா இல்ல" என்றார். நாத்தனார் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

மேடைக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. எடை மேடைக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். நான் அவருடைய கூண்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது என் வயதில் பெருமைக்காக அன்று, நடந்ததைச் சொல்வதற்காக.

"உள்ள மூணு பேர் இருக்காங்க தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதும்மா. ஆனா ஆபீசரு உக்காந்திருக்காரு. அவரைப் பாத்து எறங்குன்னு சொல்ல நான் யாரு? பின்னால லாரிக்காரன் வேற உயிரை வாங்குறான்."

5. சீட்டில் வந்த எடை ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோ.

6. மறுநாளே தங்கள் அலுவலகத்துக்கு வந்து ஆய்வாளரைச் சந்தித்தேன். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார். நானும் அதை ஏற்கிறேன். அன்று அங்கே தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது இயந்திரம் ஒன்றுதான். தன்மேல் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரையும் அது பாரபட்சம் இல்லாமல் நிறுத்திருக்கிறது. மறுபடியும் எடை போடலாமே என்றேன். கணினியில் ஏறிய எண்ணை இறக்க முடியாது என்றார். அப்படியானால் கழித்தலாவது செய்யலாம் என்று, அவருடைய எடை என்ன என்று மரியாதையாகவே கேட்டேன்.

"என் எடையைக் கேக்க நீங்க யாரும்மா?" என்று எழுந்துவிட்டார்.

உதவியாளர் மட்டும், "நான் அம்பத்தெட்டும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அந்த அறையில் எனக்குக் கிடைத்த ஒரே தகவல் அது.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் கேட்டேன். "என் எடை சர்க்காருக்கு எதுக்கு? அதெல்லாம் சொல்ல முடியாது. நீங்களும் உத்தேசமா எதையாவது எழுதித் தொலைக்காதீங்க" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் அவளும் தங்கள் ஆய்வாளரும் ஒரே கட்சி. ஐந்நூற்றுத் தொண்ணூறில் வண்டியும் உதவியாளரும் போக நூற்று அறுபது கிலோ மீதம் நிற்கிறது. அதை அவர்கள் இருவரும் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பது என் கவலை இல்லை. வண்டியின் தலையில் அதைக் கட்டக் கூடாது என்பதே என் கோரிக்கை.

7. எடையைக் குறைத்துக் கொண்டுவராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும் என்று அறிவிப்பு சொல்கிறது. எப்படிக் குறைப்பது என்பதற்கு ஆய்வாளர் வாய்மொழியாக ஓர் ஆலோசனையும் தந்தார்: "அந்தக் கட்டிலைத் தூக்கிக் கடாசிடுங்க, சரியாப் போயிடும்." அந்தப் படுக்கைச் சட்டத்தின் எடை பதினொரு கிலோ. இரண்டு படுக்கையையும், தொட்டியையும், கதவு ஜன்னல்களையும், கூரையையும் கழற்றி எறிந்தாலும் அவர் சீட்டின் கணக்கு நானூறுக்குக் கீழே வராது. அவர் இறங்கினால் மட்டுமே வரும், உதவியாளரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு.

8. அந்தப் படுக்கையைப் பற்றித் தங்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லும்படி வைத்ததற்காகவும் ஆய்வாளர் மீது எனக்கு வருத்தம் உண்டு.

நாத்தனார் பணிக்காலம் முழுவதும் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். ஊருக்கு ஊர் இணைப்புக் கொடுத்தாள். எந்த ஊரையும் போய்ப் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் அவர்கள் பெயர் சொல்லிப் பேசக் கூடாது. நிலையத்தின் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இவள் "சந்திப்பு". கடலோர நிலையத்தில் இருந்தவள் "துறைமுகம்". இணைப்புக் கிடைக்கக் காத்திருக்கும் இடைவெளிகளில் இருவரும் சிநேகமானார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாராவாரம் பேசினார்கள். "துறைமுகத்துக்கு இருமல் இன்னும் நிக்கலை அண்ணி" என்பாள், ஏதோ பக்கத்து வீட்டில் இருப்பவள் மாதிரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

துறைமுகத்துக்குக் காது போய்விட்டது. கடைசியாகப் பேசியபோது அந்தப் பக்கத்திலிருந்து, "லைன்ல இருக்கியா? லைன்ல இருக்கியா?" என்ற கேள்வியே வந்துகொண்டிருந்தது. நாத்தனார், "இருக்கேன், இருக்கேன்" என்று கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்க்கும்வரை கத்தினாள். அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் ஃபோம் பலகை வாங்கப் போனேன்.

கடிதம் எழுதலாமே என்று தாங்கள் கேட்கலாம். நாத்தனாரின் கையெழுத்தைத் தாங்கள் பார்த்ததில்லை. பேருந்தில் போகலாமே என்றால், அவளால் அவ்வளவு தூரம் தொடர்ந்து உட்கார முடியாது. அவ்வப்போது நிறுத்தி, நீட்டிப் படுக்க வேண்டும். வழியிலுள்ள விடுதிகளில் மேலாளர் தரைத்தளத்திலும் அறைகள் மாடியிலும் இருப்பது வழக்கம். வண்டியில் உள்ள அந்தப் படுக்கை, அவள் யாரிடமும் கை நீட்டாமல் தானாக எழுந்து நிற்கக்கூடிய உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் பிடிபடும்வரை அதன் கால்களை மறுபடி மறுபடி அறுத்திருக்கிறேன். ஆய்வாளர் தூக்கி எறியச் சொன்னது அதைத்தான். அவரும் அதிலிருந்து மிகச் சுலபமாக எழுந்திருந்தார் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

9. வண்டியை ஓட்டப் போவது நான். என் ஓட்டுநர் உரிமம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குமேல் சான்றிதழ் தர முடியாது என்று கண் மருத்துவர் இப்போதே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. அதை எதிர்த்து நான் மனுப் போடவில்லை. இந்த உரிமம் உள்ளபோது போய்த் திரும்ப முடியாவிட்டால், பிறகு அந்த வண்டி எங்கள் ஷெட்டில் நிற்கும் ஒரு பெட்டிக்கடைதான். ஆய்வாளரின் குறிப்பு அப்போது உண்மையாகிவிடும். அந்தத் திருப்தியை அவருக்குத் தர எனக்கு மனமில்லை.

10. ஆகவே நான் தங்களிடம் வேண்டுவது:

அ) ஆட்கள் இல்லாத நிலையில் வண்டியை மறுபடி எடை போட ஒரு நாள் குறித்து, அதை எழுத்தில் தர வேண்டும்.

ஆ) அந்த நேரத்தில் ஆய்வாளர் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்; மேடையில் மட்டும் இருக்கக் கூடாது. நாத்தனாருக்கு நான் பொறுப்பு.

இ) எடை சரியாக இருந்தால் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்து தர வேண்டும். அதிகமாக இருந்தால் நானே ரம்பம் எடுத்து வண்டியை அறுத்துவிடுகிறேன். தங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ஈ) உண்மையைச் சொன்ன உதவியாளருக்கு அதனால் எந்தத் தொல்லையும் வரக் கூடாது.

உ) என்னைப் பாட்டி என்று அழைப்பதைத் தங்கள் ஊழியர்கள் நிறுத்த வேண்டும். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

மறு எடை போடும் நாளிலும் மழை பெய்யக்கூடும். ஆய்வாளருக்கு ஒதுங்க இடம் வேண்டியிருக்கும். அவருடைய குடையில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பதை அன்றே கண்டேன். எனவே இந்த மனுவுடன் ஒரு குடை அனுப்பியிருக்கிறேன். அது என் கணவருடையது. இருந்தவரை அதை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. "எங்கண்ணன் குடையை அந்த ஆளுக்கா?" என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள். மாலையில் அவளாகவே அதை எடுத்து, கம்பிகளுக்கு எண்ணெய் போட்டு, ஓரத்தில் இருந்த கிழிசலைத் தைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேர் நனையாமல் நிற்கலாம். எடை போட்டு முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். எங்களுக்குக் கடற்கரையில் தேவைப்படும்.

மழையில் வெளியே நின்ற ஒரே நபர் என்ற முறையில்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: மேற்கண்ட முகவரி, கார் ஷெட்
நாள்: அறிவிப்பு கிடைத்த வாரத்தின் வெள்ளிக்கிழமை

இணைப்பு: பாகவாரி எடைப் பட்டியல், எடைச் சீட்டின் நகல், குடை ஒன்று.

மேலே கண்டவை உண்மை என்பதற்குச் சாட்சி:
(கையொப்பம்)
நாத்தனார்
என் எடையை யாரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையுடன்.