சக்கரத்தின் மேல் அக்கா வாங்கிய வீடு

அக்கா,

நேற்று மாலை கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரனும் அவன் மனைவியும் வண்டி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். எத்தனை நாடு கடந்து வந்ததோ, அதன் உடம்பெல்லாம் செம்மண் தூசி. பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பில் அந்தப் பெண் எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுருட்டிய படுக்கை, கொடியில் ஈரத்துண்டு.

"அம்மா, இவங்களுக்கு வீடு இல்லியா?" என்று கேட்டாள் என் மகள்.

மண்ணெண்ணெயும் வெயிலில் காய்ந்த தகரமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். குழந்தைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஏலூருக்குத் திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. பேசியதை எழுதிவிடலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரியில் நாம் குடியிருந்த வரிசை வீடு உனக்கு எப்படி மறக்கும்? முன்னால் மிளகு மண்டி, பின்னால் காயல். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய காலத்திலிருந்து அங்கேதான். அம்மா போய், அப்பாவும் போனபோது நான் பாவாடை கட்டிய பெண். உனக்கு நிச்சயம் பேசியிருந்த சம்பந்தத்தை நீயே வேண்டாமென்று சொல்லிவிட்டு, மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் டைப் அடிக்கப் போனாய். சாயங்காலம் நீ திரும்பும்போது உன் புடவையில் மிளகு நெடி இருக்கும். நான் தும்முவேன். நீ சிரிப்பாய்.

வீட்டுக்காரர் இறந்ததும் அவர் மகன்கள் அந்த வரிசை முழுவதையும் கிடங்கு கட்டுவதற்கு விற்றுவிட்டார்கள். ஓணம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் குடையை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போவாய். இரண்டு பெண்கள் மட்டும் என்றதும் யாரும் வாடகைக்குக் கொடுக்கவில்லை. "ஆணுங்கள் ஆருமில்லே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்தினார்கள். சொந்தமாக நிலம் வாங்குவதோ நம் கைக்கு எட்டாத பேச்சு.

அந்த நாட்களில்தான் தோப்பும்படியில் வர்கீஸ் சேட்டனின் பட்டறைக்குள் நீ எட்டிப் பார்த்தாய். அலுவலக வண்டிக்கு ஏதோ பழுது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பட்டறையின் பின்புறம், தகர உடம்பும் இரண்டு சக்கரமுமாக, லாரியின் பின்னால் பூட்டி இழுக்கிற ஒரு பெட்டி வண்டி கிடந்தது. சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் தங்குவதற்கு வைத்திருந்ததாம். பக்கவாட்டில் கதவு, வெளிப்பக்கம் தூக்கி நிறுத்துகிற ஜன்னல், உள்ளே சுவரோடு மடிக்கிற இரண்டு பலகைக் கட்டில்கள். சேட்டன் அதில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். "இதெ விக்கறேளா?" என்று நீ கேட்டதும் அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெங்ஙளே, இது கோழிக்கூடாணு. வீடல்லா."

"கோழி இருக்கலாம்னா நாங்களும் இருக்கலாம் சேட்டா," என்றாய் நீ.

நான் அழுதேன். நம்மைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்றேன். வழியில் நீ நின்று என் முகத்தைத் திருப்பிச் சொன்னாய்: "எடீ கமலம், நிலம் யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும். வீடு நம்மளோடது. போன்னு சொன்னா வீட்டெ எடுத்துண்டு போவோம். இனி ஒருத்தன் முன்னாடி நாம சாமானெத் தெருவுலே வெச்சுண்டு நிக்க மாட்டோம்."

அம்மாவின் அட்டிகை அந்த வாரமே விலை போனது.

சுள்ளிக்கல்லில் ரோசா சேடத்தி தன் தென்னந்தோப்பின் மூலையைத் தரைவாடகைக்குக் கொடுத்தாள். அவள் கணவனை இழந்து தனியாக மகன்களை வளர்த்துவந்தவள். "கிணறு உண்டு, வேலி உண்டு, ஞான் உண்டு. பேடிக்கண்டா," என்று தைரியம் சொன்னாள். லாரிக்கு ஏற்பாடு செய்ய முடியாமல் ஒரு ஜோடி மாட்டைப் பூட்டித்தான் அந்த வண்டியை இழுத்து வந்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். உள்ளேயிருந்து ஒரு கோழி மட்டும் எவ்வளவு விரட்டியும் இறங்கவில்லை. ஜன்னலில் உட்கார்ந்தபடி அதுவும் குடிவந்தது. நீ வண்டிக்குப் பின்னால், கலியாண ஊர்வலத்தில் நடப்பவள் மாதிரி தலை நிமிர்ந்து நடந்தாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தேன்.

முதல் மாதம் எனக்கு எல்லாமே முட்டியது, தலை, முழங்கை, மனசு. பிறகு எப்போது பழகியது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு நீ பச்சை அடித்தாய். படிக்கு இரண்டு பக்கமும் செம்பருத்தி வைத்தாய். காலையில் ஒரு பலகையை மடித்தால் கூடம், மாலையில் அதை இறக்கினால் படுக்கையறை. சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, "மகாராணி, அரண்மனையிலே இன்னைக்கு என்ன விசேஷம்?" என்பாய்.

என்னைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வந்தவர்களையும் அந்தப் பலகையில்தான் உட்கார வைத்தோம். பையனின் அம்மா முறுக்கைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அடியிலே சக்கரமா இருக்கே. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நாங்க வந்து நின்னா, வீடு இங்கேயே இருக்குமா?"

"நாங்க எங்கே இருக்கோமோ அங்கே இருக்கும்," என்றாய் நீ, கொஞ்சமும் குரல் மாறாமல்.

அவர்கள் போன பிறகு கிணற்றடியில் டம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தாய். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்ததும், "வித்துடலாம்டீ. டவுன்லே ஒரு நல்ல வாடகை வீடு பாக்கலாம். உனக்கு ஒரு வழி பிறக்கட்டும்," என்றாய். அதுவரை உன் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

"இந்த வீட்டுலேருந்து என்னெக் கூட்டிண்டு போறவன் வந்தாப் போதும். இல்லேன்னா யாரும் வர வேண்டாம்," என்றேன். உன்னிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நீ என்னைப் பார்த்தாய், ஈரக்கையாலேயே என் தலையைத் தடவினாய்.

வந்தார். ஏலூர் உரக் கம்பெனியில் வேலை பார்க்கும் இவர், தன் தாய்மாமனோடு வந்து, உள்ளே நுழையும்போதே நெற்றியை வாசலில் இடித்துக்கொண்டார். நீ பதறினாய். இவர் நெற்றியைத் தேய்த்தபடி குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு, "அச்சு துருப்பிடிக்குது. உப்புக் காத்து. எண்ணெய் போடணும்," என்றார். பெண்ணைப் பார்க்க வந்தவர் அன்று அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். அவர்கள் போனதும், "வீட்டெப் பாத்து மூக்கெச் சுளிக்கலே. அடியிலே பாத்து வைத்தியம் சொல்றான். இவன் மதிடீ நமக்கு, இவன் போதும்," என்று சிரித்தாய். தென்னை மரங்களுக்கு நடுவே பந்தல் போட்டு, ரோசா சேடத்தி வீட்டு முற்றத்தில் பந்தி வைத்து, அங்கேயே என் கலியாணம் நடந்தது.

என்னை அனுப்பிவிட்டு நீ எப்படி அந்தப் பெட்டிக்குள் தனியாகத் திரும்பி ஏறினாய் என்று நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

குழந்தை வயிற்றில் வந்தபோது என் மாமியார், பிரசவத்துக்கு நான் குவார்ட்டர்ஸிலேயே இருக்கட்டும் என்றார். கெட்ட எண்ணமில்லை. அந்த மழையில், அந்தத் தகரத்துக்குள் எப்படி என்ற கவலை. நீ படகும் பஸ்ஸும் மாறி, நனைந்துகொண்டு வந்து அவர் முன்னால் நின்றாய்.

"மொதப் பிரசவம் அம்மா வீட்டுலேதான். நான் உயிரோட இருக்கச்சே இவளுக்கு அம்மா வீடு இல்லேன்னு ஆகக் கூடாது. நீங்க அனுப்பித் தரணும்," என்றாய். கேட்பது போலத்தான் பேசினாய். ஆனால் என் பெட்டியை அதற்குள் கையில் எடுத்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். கர்க்கடக மாத மழை கொட்டும்போது குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்தேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதது. நீ எழுந்து வெளியே போனாய். கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய மிளகுச் சாக்குகளை முதுகில் சுமந்துகொண்டு, சேடத்தியின் ஏணியில் ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூரை முழுவதும் சாக்கைப் பரப்பிக் கயிறு கட்டினாய். கீழே சேடத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "எடீ பிராந்தீ, வீழும்!" என்று பைத்தியக்காரியைத் திட்டுவது போலக் கத்தினாள். மேலே சாக்கு பரவப் பரவ, உள்ளே மழையின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எங்கேயோ தூரத்தில் பெய்கிற மழை மாதிரி ஆயிற்று. குழந்தை தூங்கிவிட்டது. நீ உள்ளே வந்தாய், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. சாக்கு நெடியில் குழந்தை தூக்கத்திலேயே தும்மியது. நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த வீட்டில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ரோசா சேடத்தி போன பிறகு தோப்பு பாகம் ஆயிற்று. நம் மூலை இளைய மகனுக்கு. அவன் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். நீ வந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன் அவன்.

"சேச்சீ, எனிக்கும் ஒரு வீடு வேண்டே?"

"வேணும் மோனே," என்றாய். உடனே தோப்பும்படி பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டாய். "இதுக்குத்தானேடீ சக்கரம்," என்று எனக்குச் சொல்லி அனுப்பினாய்.

அந்தக் காலையில் நானும் இவரும் வந்திருந்தோம். வர்கீஸ் சேட்டன் வயசான காலத்தில் தானே லாரியோடு வந்திருந்தார். டயர்கள் எப்போதோ மக்கிப்போயிருந்தன. சக்கரம் பாதிக்குமேல் மணலில் புதைந்திருந்தது. இவர் மணலைத் தோண்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகமே சரியில்லை. "அக்கா, தாங்குமான்னு தெரியலே," என்றார். நீ, "மெல்ல இழுக்கட்டும்," என்றாய்.

மெல்லத்தான் இழுத்தார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி, துணி கிழிவது போல ஒரு சத்தம். அச்சு லாரியோடு போய்விட்டது. வீடு முன்பக்கமாகச் சாய்ந்து தரை இரண்டாகப் பிளந்தது. உள்ளே பாத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுவது வெளியே கேட்டது. எல்லாம் விழுந்து முடியும்வரை யாரும் அசையவில்லை.

சேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞான் வேறொண்ணு உண்டாக்கித் தராம், பெங்ஙளே," என்றார்.

"மதி சேட்டா," என்றாய் நீ. "மதி."

சாய்ந்த வாசலில் குனிந்து நீயே உள்ளே போனாய். உதவிக்கு வந்த இவரைக் கையால் தடுத்துவிட்டாய். வெகுநேரம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தாய். சேடத்தியின் மகன் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் தோளைத் தட்டி, "நல்ல வீடா கட்டு," என்று சொல்லிவிட்டு எங்களோடு நடந்தாய்.

ஏலூரில் எங்களோடு நீ இருந்த காலத்தை எழுதத்தான் கை வரவில்லை. நாங்கள் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை அக்கா, அது உனக்கும் தெரியும். இவர் உன் துணிக்கென்று அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தார். நீ கடைசிவரை டிரங்குப் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்தினாய். "எடுத்து வெச்சா என்ன?" என்று கேட்டால், "இருக்கட்டும்டீ," என்பாய். விடிந்ததும் உன் பாயைச் சுருட்டி, யாருக்கும் தெரியாத மாதிரி கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவாய். மழை பெய்தால் மட்டும் வாசலில் போய் உட்காருவாய். சிமென்ட் கூரையில் மழை சத்தமே போடாது. நெஞ்சில் சளி கட்டி நீ படுத்த அந்த வாரம்கூட, என் மகளைப் பக்கத்தில் அழைத்து, அவள் பிறந்தபோது கூரையில் சாக்கு போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் தும்மிக் காட்டுவாள். நீ சிரிக்கப்போய் இருமுவாய். அந்த இருமல்தான் உன்னைக் கொண்டுபோனது.

மரணத்தைப் பதிவு செய்ய இவரோடு நானும் போயிருந்தேன். உன் பெயரை எழுதிக்கொண்ட குமாஸ்தா, பேனாவை நிறுத்திக் கேட்டார்: "வீட்டுப் பேரு?"

இந்த ஊரில் எல்லோருக்கும் வீட்டுப் பெயர் உண்டு. இவர் எங்கள் குவார்ட்டர்ஸ் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். நான் இவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சுள்ளிக்கல்லுக்கு நாம் போன புதிதில், என்ன விலாசம் எழுதுவது என்று தபால்காரர் விழித்தபோது நீ சொன்ன பெயரைச் சொன்னேன்.

"வண்டி வீடு, சுள்ளிக்கல்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அங்ஙனெ ஒரு வீடுண்டோ?"

"உண்டு," என்றேன். "என்னோட அம்மா வீடு. எழுதுங்கோ."

அவர் எழுதினார்.

உன்
கமலம்