கலியாணம் இல்லாத கடைசி அத்தியாயம்

அன்புள்ள மகளுக்கு,

இளைஞர்களுக்காக எழுதிய என் நாவல் அச்சுக்குப் போய்விட்டது. அச்சகச் சிவகுருவுக்குத்தான் முடிவு பிடிக்கவில்லை.

“மாஸ்டர், பெட்டை படிக்கவெண்டு கொழும்பு ரயில் ஏறினதோட கதை முடிஞ்சால் ஆர் வாங்குவினம்? ஒரு கலியாணத்தை வையுங்கோவன்.”

வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்து, கலியாணத்தையும் எழுதினேன். நேற்று அதைக் கொடுக்கப் போனேன். தாள்களைத் திரும்பப் பைக்குள் வைத்து, “ஏலாது, அவள் போகட்டும்” என்றேன்.

“மாஸ்டருக்கும் கோபம் வருமோ!” என்று சிரித்தபடி பழைய முடிவையே அச்சுக்கோக்கக் கொடுத்தார்.

நீ கலியாணம் வேண்டாமென்று பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று, நிலாவெளி மாமா போகக்கூடாதென்று கத்தியபோது, நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

முதல் பிரதி உனக்கு. இந்தத் தாளின் மறுபக்கத்தைப் படிக்காதே. அது அந்தக் கலியாணம்.

உன் அப்பா