பூசையில் வைத்த வெள்ளை விமானம்

2025 ஒக்டோபர் 1, புதன்

சரசுவதி பூசை. இருந்தவர்கள்: நான், இவர், மகள் ஆரணி. மேல்மாடி ரிஸ்னா வாசலோடு நின்று அவலும் கடலையும் வாங்கிப் போனா. மெல்பேணில் இருக்கும் மகன் விஷ்வா வீடியோவில்கூட வரவில்லை. வேலையாம்.

புத்தகங்களுக்குப் பக்கத்தில் விஷ்வா சேர்த்து வைத்த சின்ன உலோக விமானங்களையும் வைத்தேன். எல்லாம் ஆராய்ச்சி ஜெட்டுகளின் மாதிரி. பயணிகளை ஏற்றாமல், புயலுக்குள் போய்க் காற்றை அளக்கிறவை என்று நெட்டில் தேடிப் படித்தேன். அறிவதற்கென்றே பறப்பது கலைமகளுடையதுதானே? மற்றவை பெட்டியோடு. அவனுக்கு உயிரான, நீல எழுத்துப் போட்ட வெள்ளையை மட்டும் வெளியே எடுத்து, மஞ்சளும் சந்தனமும் குழைத்து மூக்கில் பொட்டு வைத்தேன்.

ரிஸ்னா சிரித்தா: "என்ட அல்லாஹ், பிளேனுக்கும் பொட்டா? இனி விசா இல்லாமயே பறக்கும்!"

பின்னேரம் ஆரணி சொன்னாள்: "அம்மா, மஞ்சள் வழிஞ்சு எழுத்தில இறங்குது. துடையுங்கோ. அண்ணா கொல்லுவான்."

"பூசையில வைச்சதை விடியுமட்டும் தொடக்கூடாது, பிள்ளை."

ஒக்டோபர் 2

விடிய எடுத்தேன். மூக்கெல்லாம் மஞ்சள். ஈரத்துணிக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. ஆரணியின் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் துடைத்தேன் — மஞ்சள் அப்படியே நின்றது, நீல எழுத்துப் பஞ்சோடு வந்துவிட்டது. ஐயோ. நேற்று ஒருக்கா ஒற்றி எடுத்திருந்தாப் போதுமே. அதுக்கு அம்பாள் கோவிச்சிருப்பாவா?

ஒக்டோபர் 5, ஞாயிறு

விஷ்வா வீடியோவில் வந்தான். "ஷோகேஸைக் காட்டுங்கோம்மா." கறை சுவர்ப்பக்கம் இருக்கத் திருப்பி வைத்திருந்தேன்.

"வெள்ளை ஏன் அங்கால பாக்குது?"

"தூசு தட்டினனான், தம்பி."

சுவாமிப் படத்துக்கு நேரெதிரே நின்று சொன்னேன்.

ஒக்டோபர் 8

கோயிலுக்குப் போனேன். அம்பாளிடமும் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளாமலே திரும்பிவிட்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு வரமாட்டானாம். அங்கேயே வீடு வாங்குகிறானாம். அவனுடைய கொட்டாஞ்சேனைச் சிநேகிதன் மெல்ரோய் அடுத்த கிழமை மெல்பேண் போகிறான். விமானம் எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிடட்டாம். "இனி அங்க எதுக்கும்மா அதுகள்?"

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து: "கறையைக் கேட்டா, வெயில் பட்டது எண்டு சொல்லுமன்."

ஷோகேஸைத் துடைக்கும்போதெல்லாம், இவை இங்கே இருக்கும்வரை அவன் வருவான் என்று நினைத்துக்கொள்வேன். அதை யாரிடம் சொல்ல?

ஒக்டோபர் 17, வெள்ளி

மெல்ரோய் வந்தான். பெட்டிகளைப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா அன்ரி?"

"ஒண்டு நிக்குது. அவனோட நான் கதைக்கிறன்."

அவன் போனபிறகு, கறை தெரியப் படம் எடுத்து விஷ்வாவுக்கு அனுப்பினேன். கூடவே எழுதியது:

"பூசையில வைச்சு நான் பழுதாக்கிப்போட்டன். ஆரணி சொல்லியும் துடைக்கேல்லை. அண்டைக்கு உனக்குப் பொய்யும் சொன்னனான். வெள்ளை என்னட்டைத்தான் நிக்குது. அனுப்பவோ, நீ வந்து பாக்கிறியோ? கெதியாப் பதில் போடு, தம்பி."