அழைக்காத விருந்துக்குப் பக்குவம்

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன். போனில் கேட்டிருக்கலாமே என்று எழுத வந்தேன், விட்டுவிட்டேன். போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நீ பட்டென்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய். என் தங்கையை எனக்குத் தெரியாதா.

உன் வீட்டுக்காரரின் ஆபீஸ் ஆட்கள் சாப்பிட வருகிறார்கள். தோட்டத்தில் காய்த்துக் கொட்டுகிறது. அதையே சமைத்துப் போட்டு அசத்த வேண்டும். இவ்வளவுதானே? இதற்கு நாலு பக்கத்துக்குப் பயப்படுவானேன்.

முதலில் ஓவன். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதே. ஓவன், மிக்சி, கெட்டில் எல்லாவற்றையும் ஒரே பாக்ஸில் மாட்டிவிட்டு, கரண்ட் போனதும் "நீங்க குடுத்த ஓவன் சரியில்லை" என்று கடையில் வந்து நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஓவனுக்கென்றே சுவரில் பெரிய பாயிண்ட் இருக்கிறது. அதில் நீ செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

கத்தரிக்காயை ஓவனில் வைக்கும் முன் முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்து. குத்தாவிட்டால் உள்ளே வெடித்து அப்பிக்கொள்ளும், அதைச் சுரண்டியே உனக்கு விடிந்துவிடும். பூசணியைத் தோல் சீவுகிறேன் பேர்வழி என்று கையை அறுத்துக்கொள்ளாதே. இரண்டாகப் பிளந்து தோலோடு சுடு, கரண்டியால் வழித்தால் வந்துவிடும். சூப்புக்கு அதுதான். சூடாக மிக்சியில் ஊற்றி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். ஆறவிட்டு, பாதி ஜாருக்கு மேல் ஊற்றாமல் ஓட்டு. போட்டோவில் சுரைக்காயைப் பார்த்தேன், குழந்தை மாதிரி வளர்த்து வைத்திருக்கிறாய். விதை முற்றியிருக்கும், நடுவைத் தோண்டிப் போட்டுவிடு. நறுக்கிய வெள்ளரிக்காயில் பரிமாறும்போதுதான் உப்பு. முன்னாலேயே போட்டால் தண்ணீரில் மிதக்கும்.

அன்றைக்கென்று புதிதாக எதையும் செய்து பார்க்காதே. வந்தவர்கள் வாசலில் நிற்கும்போது நீ வியர்த்து வழிந்து கரண்டியும் கையுமாகப் போய் நிற்காதே. அவர்களுக்கே கூச்சமாகி, சாப்பாடு இறங்காது.

ஒரு வார்த்தை சொன்னால் முதல்நாளே வந்து எல்லாம் பார்த்துக் கொடுத்திருப்பேன். ஆபீஸ் ஆட்கள் என்கிறாய். உங்களுக்குள் இருக்கட்டும்.

குருவி எப்படி இருக்கிறாள்? காலேஜ் முடித்து உன் மகள் என் கடை மாடியைக் காலி செய்து போனதிலிருந்து எனக்கு ஒரு வாய் ருசிக்கவில்லை. அந்தப் பையன் வீட்டில் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது? அதைப்பற்றி ஒரு வரியும் காணோமே.

அன்புடன்,
அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுரைக்காயைத் தோண்டிப் பார்த்தேன். தோண்டியதே முக்கால்வாசி, மிச்சம் கால்வாசி. பூசணி நீ சொன்னபடி வந்தது. நன்றி. ஆனால் முள்கரண்டியால் குத்துவதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா? எனக்கு வயது நாற்பத்தேழு. உன் கடைக்கு வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி எழுதுகிறாய்.

சொல்லும்போதே இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்த கீரை மறுநாளே துவண்டுவிடுகிறது. கதவோரம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. உன் கடை ஃபிரிட்ஜ்தான். விருந்துக்குள் சரியாக வேண்டும்.

மேஜையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பட்டுமா, ஒவ்வொன்றாகக் கொண்டுவரட்டுமா? எது மரியாதை?

குருவி நன்றாக இருக்கிறாள். பையன் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏதாவது முடிவானால் உனக்குச் சொல்லாமல் இருப்பேனா?

அன்புடன்,
தங்கை


ஜூன் 13

சின்னவளே,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய்.

நேற்று குருவி போன் செய்தாள். "பெரியம்மா, அடுத்த வாரம் சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க? அவங்க அம்மா உங்களைத்தான் முதல்ல பாக்கணும்ங்கறாங்க" என்றாள். என்ன சனிக்கிழமை, எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. ஆள் வந்திருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். கடையில் அப்போது ஈ காக்கை இல்லை.

ஆபீஸ் ஆட்களாம். பையனைப் பெற்றவர்கள் முதன்முதலாக உன் வீட்டில் கைநனைக்க வருகிறார்கள். அதற்குத்தான் நான் இங்கே மாங்கு மாங்கென்று சுரைக்காய் விதை வரைக்கும் எழுதித் தள்ளியிருக்கிறேன். என் மூளை வேண்டும், என் மூஞ்சி வேண்டாம், அப்படித்தானே? "உனக்குச் சொல்லாமல் இருப்பேனா" என்று எழுதினாயே, அதை எழுதும்போது உன் கை கொஞ்சம்கூட நிற்கவில்லையா?

நாலு வருஷம் அந்தப் பெண் என் கூட இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு மாடியிலேயே கிடந்தேன். சொந்தக் கடை வைத்தவர்களைக் கேட்டுப் பார், வியாபார நேரத்தில் ஷட்டரை இறக்குவது என்றால் என்னவென்று சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று முதலில் தெரிந்தது எனக்கு. "உங்க அம்மாகிட்ட சொல்லுடி, நான் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது" என்று உன்னிடம் அனுப்பியதும் நான்தான். இப்போது அந்த வீட்டு மனிதர்களின் முகத்தை நான் பார்க்கக்கூடாது.

ஏன்? ஒரே வரியில் எழுது. சுற்றி வளைத்து எழுதினால் படிக்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

ஒரே வரி கேட்டாய். நீ வந்தால் அது என் வீடாக இருக்காது.

படிக்க மாட்டேன் என்றாலும் மீதியையும் எழுதுகிறேன். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று என்ன நடந்தது? அவருடைய மேனேஜரின் மனைவி மரியாதைக்கு, "ஃபிரிட்ஜ் அழகா இருக்கே" என்றார். அவ்வளவுதான். நீ ஃபிரிட்ஜை முன்னால் இழுத்துப் போட்டு, முதுகுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, பிளக்கைப் பிடுங்கி, "சத்தம் கேக்குதா பாருங்க, கேக்காது" என்றாய். பிடுங்கியதுக்குச் சத்தம் எப்படிக் கேட்கும்? எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சேர்ந்து சிரித்தாய். கை துடைக்கிற பேப்பரில் மூன்று பேர் ஆர்டர் எழுதிக்கொண்டாய். பிளக்கை மாட்ட மறந்தாய். கடைசியில் நான் ஐஸ்கிரீம் என்று கொண்டுவந்து வைத்தது கஞ்சி. மேனேஜரின் மனைவி அதை ஸ்பூனில் குடித்தார். என் வீட்டுக்காரரை இன்றைக்கும் ஆபீசில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்களாம்.

அது போகட்டும். வீட்டுக்கு யார் வந்தாலும், "இந்த ஓவன் நான் குடுத்தது, இந்த வாஷிங் மெஷின் நான் குடுத்தது" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறாய். கொடுத்தாய். இல்லை என்று சொன்னேனா? ஆனால் ஒவ்வொரு தடவையும் அத்தனை பேர் முன்னால் நான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு வரப்போகிறவர்களாவது இதை என் வீடு என்று நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் பொய் சொன்னேன். நீ வேறு யாரிடமாவது கேள், நான் செய்தது தப்பென்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.

குருவியிடம் முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்று சொல்லிவிடு. நம்புவாள். இந்த ஒரு தடவை எனக்காகச் செய்.

தங்கை


ஜூன் 18

சின்னவளே,

என் முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறது. அதற்கு இல்லாத வலியைச் சொல்ல மாட்டேன்.

பக்கவாட்டில் கீறல் விழுந்த மிக்சியைக்கூட, "இந்தப் பக்கம் கீறியிருக்கு, பாத்துக்கோங்க" என்று திருப்பிக் காட்டிவிட்டுத்தான் விற்கிறேன். தெருவில் கூடையில் டார்ச் லைட்டும் பேட்டரியும் வைத்துத் தொடங்கியவள் நான். இன்றைக்கு இந்தத் தெருவில் என் போர்டு தொங்குகிறது என்றால், வாங்கினவர்கள் திரும்ப வந்ததால்தான். எல்லோருக்கும் ஒரு நாக்கு, நான் வளர்த்த பெண்ணுக்கு மட்டும் வேறு நாக்கா?

ஆமாம், விற்றேன். உன் வீட்டில் நின்றுதான் விற்றேன். எனக்கு நாலு பேரிடம் பேசத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். நீ புத்தகம் பேசுவாய், உன் வீட்டுக்காரர் ஆபீஸ் பேசுவார், நான் என்ன பேசுவது? சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டுமா? அந்த மேனேஜரின் மனைவி என்னிடம் வாங்கிய ஃபிரிட்ஜ் இன்னும் ஒரு புகார் இல்லாமல் ஓடுகிறது, அதையும் ஆபீசில் சொல்கிறார்களா என்று கேள்.

சனிக்கிழமை நான் வரவில்லை. கூப்பிடாத வாசலில் கால் வைக்க மாட்டேன். ஆனால் குருவி கேட்டால், உங்க அம்மா கூப்பிடலை என்று சொல்வேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் கேட்டிருந்தாய். கோபம் உன் மேல், ஃபிரிட்ஜ் மேல் இல்லை. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அழுக்குப் போகத் துடை, பெரும்பாலும் சரியாகிவிடும். சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காதே. மேஜையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பு. வந்தவர்கள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பதுதான் மரியாதை.

அக்கா


ஜூன் 22

அக்கா,

சாப்பாடு நன்றாக இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் மறைத்தேன் என்பாய்.

மேஜையில் தட்டு வைக்கும்போது குருவி ஒன்று கூடுதலாக வைத்தாள். எடுத்தேன். மறுபடி வைத்தாள். வந்தவர்கள் முன்னால் எத்தனை தடவை எடுப்பது? பையனின் அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் யாராவது வரணுமா?" என்றார். "எங்க பெரியம்மா வரணும். அம்மா கூப்பிடலை" என்றாள் உன் குருவி. உப்பை இந்தப் பக்கம் நகர்த்துங்க என்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். பையனின் அம்மா நல்ல மாதிரி. "சூப் எப்படிங்க இவ்வளவு வழவழன்னு வந்திருக்கு?" என்று பேச்சை மாற்றினார். தோலோடு சுட்டு வழிக்கணும், ஆறவெச்சு ஓட்டணும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் உறைத்தது. வார்த்தைக்கு வார்த்தை உன் பேச்சு. எனக்கென்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

உன்னை வரவிடாமல் செய்தேன், நீ அந்தக் காலித் தட்டில் சாப்பாடு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாய். திருப்தியா? என் மகள் என்னிடம் பேசி ஒரு நாள் ஆகிறது. நீ கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதை மட்டும் உனக்கு விற்க யாருமே வரவில்லையா?

இனி எழுதாதே.

தங்கை


ஜூன் 25

சின்னவளே,

எழுதாதே என்றாய். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குருவியைப் போனில் வறுத்தெடுத்துவிட்டேன். உன் அம்மா என்னைக் கூப்பிடாதது அக்கா தங்கைக்குள்ளே உள்ள சமாச்சாரம், வெளி ஆள் முன்னால் பெத்தவளைத் தலைகுனிய வைக்க நீ யாருடி என்று கேட்டேன். அழுதாள். அழட்டும். உன்னிடம் வந்து பேசுவாள். பேசாவிட்டால் என் மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

திருப்தியா என்று கேட்டாய். சனிக்கிழமை கடையை மூடுகிற நேரத்துக்கு மூடாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போயிடுச்சு, ஓவன் பாதியிலே நின்னுடுச்சு, என்ன பண்ண என்று நீ கேட்பாய் என்று. நீ கேட்கவில்லை. ஒன்றும் நிற்கவில்லை போலிருக்கிறது. நல்லது.

இனி உன் வீட்டில் எது கெட்டாலும் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுக்கொள். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கெட்டிக்காரர், வேலையை முடித்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவார். உனக்கு அப்படிப்பட்ட ஆள்தானே வேண்டும்.

கல்யாணத்துக்குக் குருவி கூப்பிட்டால் வருவேன். அவள் கைகாட்டுகிற இடத்தில் உட்காருவேன்.

அக்கா


ஜூலை 1

அக்கா,

குருவி பேசினாள். உன்னால்தான் பேசினாள் என்பது எனக்கு இன்னும் எரிகிறது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நல்ல வார்த்தையும் எதிர்பார்க்காதே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. வேறு யாரும் இல்லை. பையன் வீட்டார் இல்லை, அவர் ஊரில் இல்லை, குருவியையும் சினேகிதி வீட்டுக்கு அனுப்புகிறேன். நீயும் நானும்தான். நம் சண்டையை மிச்சம் வைக்காமல் போட்டு முடிக்கலாம்.

தோட்டத்தில் பீன்ஸ் இருக்கிறது. அதை எப்படிச் செய்யப் போகிறேன் என்று உன்னைக் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே. கருகினாலும் உப்புக் கூடினாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. இத்தனை வருஷத்தில் நீ என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எதையாவது திருகிக்கொண்டு, எதையாவது துடைத்துக்கொண்டு, நின்ற வாக்கில்தான் சாப்பிட்டிருக்கிறாய். உனக்குப் பரிமாற எனக்கு ஒரு தடவைகூட நீ இடம் கொடுத்ததில்லை.

சமையலறைக்குள் வராதே. தண்ணீர் வேண்டுமென்றாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து கேள். நான் கொண்டுவந்து தருகிறேன்.

தங்கை