ரொட்டி மாஸ்டர்

சனிக்கிழமை, இரவு

கெலுகோரில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ப் பழைய மாணவர்களின் விருந்து. சாதித்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். என் முறை வந்ததும் அறிவிப்பாளர்ப் பெண், "இயற்பியலில் மாஸ்டர் முடித்தவர்" என்றாள்.

போன வாரம் போனில் அவள்தான் கேட்டாள்: "இப்போ என்னவா இருக்கீங்கண்ணே?"

"மாஸ்டரா இருக்கேன் லா," என்றேன். கடையில் மாவை வீசி ரொட்டி சானாய் போடுகிறவனை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். நான் படித்த இயற்பியலோடு சேர்த்து அவள் அதைப் பட்டமாக்கிவிட்டாள்.

திருத்தத்தான் எழுந்தேன். ஆனால் கைதட்டல் மழைபோல் விழுந்தது. மேடை வரைக்கும் அந்தப் பட்டத்தோடுதான் நடந்தேன். எழுதாத ஆய்வும் பார்க்காத ஊர்களும் கூடவே வந்தன.

மைக்கில் சொன்னேன்: "நான் லிட்டில் இந்தியாவுல ரொட்டி மாஸ்டர்."

சிரித்தார்கள். அன்பாகத்தான். மறுபடியும் தட்டினார்கள்.

திரும்பும்போது காரில் என் மனைவி, "மேடைக்குப் போறப்ப எவ்வளவு நிமிர்ந்து நடந்தீங்க தெரியுமா?" என்றாள். இறங்கி வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணை மூடினால் மாவு வீசுகிறேன். மேடை விளக்கு ஊடே தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிகிறது. மேலே போனது இன்னும் கைக்குத் திரும்பவில்லை.